அட்டை மெதுவாகப் பேசும்

பதினோரு வருஷமாக ஒரே கேள்வி.
ஐகிரவுண்டு ஆஸ்பத்திரி, எக்ஸ்ரே அறை,
தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு நிற்கும்
ஒவ்வொரு பெண்ணிடமும்
குரலைத் தாழ்த்தி:
"முழுகாம கிழுகாம இருக்கியளா?"

சிலர் சிரிப்பார்கள். சிலர் விரல் மடக்கி எண்ணுவார்கள்.
மானூர்க்காரி ஒருத்தி
"அதுக்குத்தானம்மா ஒம்போது வருஷமாத் தவங்கெடக்கேன்" என்று
படமே எடுக்காமல் அழுதுகொண்டு போனாள்.

என் நெஞ்சில் ஓர் அட்டை குத்தியிருக்கிறது.
தீப்பெட்டியைவிட மெலிசு, உள்ளே சின்னச் சின்ன வில்லைகள்.
என்மேல் பட்டதையெல்லாம் வாங்கி வைத்துக்கொள்ளும்.
யாரிடமும் சொல்லாது.
மூன்று மாதம் கழித்துத் தபாலில் போய்
எங்கோ ஒரு மேசையில் சூடு பட்டதும்
வெளிச்சமாகக் கக்கிவிடும்.
இதுவரை அது கக்கியதெல்லாம்
புள்ளிக்குப் பின் ஒரு சைபர்,
அதற்கும் பின்னால் ஏதோ ஒரு எண்.

அடுத்த கட்டடத்தில் மிசியர் அண்ணன். உவரிக்காரர்.
தொண்டையில் கட்டி, கழுத்தில் ஊதா மையில் சிலுவைக் குறி.
என் கதிர் சதையைக் கடந்து
எலும்பின் நிழலோடு போய்விடும்.
அவருக்கு இறங்குவது
கட்டியைச் சுடப் போகிற வழியில்
எச்சிலையும் வற்றவைத்துவிட்டுப் போகும்.
"குறி போட்ட இடத்துல வெயில் படக் கூடாது" என்றார் டாக்டர்.
"வள்ளத்துல நிக்கவன்யா நான்,
வெயில எங்கன கொண்டுபோயி ஒளிக்கச் சொல்லுதிய?"

அவர் மனைவிக்குச் சந்தேகம் பக்கத்து மாடி டவர்மேல்.
அந்த அலைக்கு உடைக்கிற பலம் கிடையாது என்றேன்.
முப்பது வருஷப் பீடியைப் பற்றி
இரண்டு பேருமே வாய் திறக்கவில்லை.
அந்தப் புகையிலும் ஒன்று உண்டு,
ஒரு தாளைத் தாண்டத் தெரியாத கதிர்.
மூச்சோடு உள்ளே போய்விட்டால்
தாண்ட வேண்டிய அவசியமே அதற்கு இல்லை.

"எங்க கறுப்பு மண்ணுலயும் இருக்காம்லா?"
"இருக்குக்கா. கொஞ்சம்."
"கொஞ்சம்னா எம்புட்டு?"
என்னிடம் ஒரு எண் இருந்தது.
அவள் கேட்டது அதை இல்லை.

போன மாதம் பன்னிரண்டாம் தேதி
மேலப்பாளையத்துப் பையன், முழங்கை பிசகி,
கட்டடமே அதிரக் கத்தினான்.
பிடித்துக்கொள்ள ஆளில்லை,
அவன் உம்மா வராந்தாவில் மயங்கிக் கிடந்தாள்.
ஈய அங்கியை மாட்டிக்கொண்டு நானே பிடித்தேன்.
நாலு கிலோ. பக்க நாடா அறுந்தது.
ஆறு மாதமாக எழுதிப் போட்டும் புதுசு வரவில்லை.
குனிந்தபோது விலகியிருக்குமோ?
விலகியிருந்தாலும் எம்புட்டு?

பயப்பட ஒன்றுமில்லை என்கிறது பாடப்புத்தகம்.
அதையே நானும் ஆயிரம் பேருக்குச் சொல்லியிருக்கிறேன்,
அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொண்டே.

நேற்று விடியற்காலை, இரண்டு கோடு.
அவுகளுக்குச் சொல்லவில்லை,
வள்ளியூர் டிப்போவில் இந்த வாரம் ராத்திரி வேலை.
அம்மாவுக்கும் சொல்லவில்லை.
வீட்டுக்கு முன்னால்
ஒரு படிவத்துக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது:
பெயர், செ. ஆவுடைச்செல்வி.
அட்டை எண்.
கடைசி மாதவிலக்குத் தேதி.
நிரப்பினால் வேறு அறை, கோப்பு அடுக்குகிற வேலை,
வயிற்றுக்கு நேராக இன்னொரு அட்டை.
பெயர் வைப்பதற்குள் கணக்கு வைத்துவிடுவார்கள்.

பன்னிரண்டாம் தேதி நடந்தது
நெஞ்சில் இருக்கும் இந்த அட்டைக்குத் தெரியும்.
அது பேச இன்னும் ஏழு வாரம்.

பேனா எழுதவில்லை. உதறினேன்.
வெளியே வரிசை நீண்டுகொண்டிருந்தது.
ஈயக் கண்ணாடியில் என் முகம்,
அதன் வழியே காலி மேசை,
சுவரில் நானே பசை தடவி ஒட்டிய காகிதம்:
கர்ப்பமாக இருந்தால் முன்கூட்டியே தெரிவிக்கவும்.

குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.
கண்ணாடியில் நின்றவள்
விரல் மடக்கி எண்ணத் தொடங்கினாள்.